குடியை விட்டபின் தன்னைக் கவனிப்பதும் தன் முடிவைத் தானே எடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியை நிறுத்திச் சில நாட்களோ சில மாதங்களோ ஆனவர்களுக்கும், நிறுத்த நினைப்பவர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பக்கம். சிகிச்சை எடுத்து உடம்பு தேறி வீட்டுக்கு வந்தபின் எழும் கேள்விகளே இங்கு அதிகம். பலரும் தடுமாறுவது அங்கேதான்.

இன்னும் தினமும் குடிக்கிறேன். இன்றோடு நிறுத்திவிடலாமா?

எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டாஸ்மாக்கில் விற்கும் 180 மி.லி. குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதாவது ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். தினமும் ஒன்றோ அதற்கு மேலோ பல மாதங்களாகப் போகிறது, காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தாதீர்கள்.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை, இல்லாத ஆளோடு பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, நேரமும் இடமும் தெரியாமல் குழம்புவது என்று ஆகலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. முன்பு நிறுத்தியபோது ஒரு தடவையாவது வலிப்பு வந்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோர்ந்து கிடப்பவரை அருகிலிருக்கும் கிளினிக்குக்குத் தூக்கிப் போய் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் எனும் வைட்டமின் பி1 வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படக்கூடும். இவர் தினமும் குடிப்பவர் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் ஊசியின் வரிசையே மாறும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ், எண் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை.

'தன்னைக் கவனி' என்கிறார்கள். தியானம் செய்யச் சொல்கிறார்களா?

தியானம் பிடித்தால் செய்யலாம். ஆனால் இங்கு சொல்லும் கவனிப்பு வேறு. கையில் கிளாஸ் வருவதற்கு முந்தைய ஐந்தாறு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் அது.

வாரக் கூலி வாங்கும் ஒரு கொத்தனாரின் சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். மதியம் 1.30: வேலை முடிய வேண்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ஒரு டீ, இரண்டு வடை. மாலை 4: பூச்சு சரியில்லை என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கத்துகிறார். 5.30: வாரச் சம்பளம் முழுவதும் ரொக்கமாகக் கையில். 5.45: 'வண்டியில ஏறு மாப்ள, வழியில இறக்கிவிடுறேன்' என்கிறார் கூட்டாளி. 6.10: 'நான் பக்கோடா மட்டும் சாப்பிடுறேன்' என்று பாருக்குள் உட்காருகிறார். 6.30: கட்டிங்.

ஏன் குடித்தீர்கள் என்று கேட்டால் அவருக்கு நினைவில் இருப்பது 6.30 மட்டும். 'எப்படின்னே தெரியல, கை தானா போயிடுச்சு' என்பார். பொய் சொல்லவில்லை. 6.30 மணிக்கு அவர் கையில் உண்மையிலேயே பெரிதாக எதுவும் மிச்சமில்லை. பசி, அவமானம், பணம், நட்பு, வாசனை எல்லாம் சேர்ந்துகொண்டபின் மனவுறுதியை மட்டும் நம்பி நிற்பது மிகக் கடினம். ஆனால் 1.30க்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் போதுமாயிருந்தது. 5.30க்கு, கூலியை ரொக்கமாக வாங்காமல் மனைவியின் கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். 5.45க்கு 'நான் பஸ்ஸில் போறேன்' என்ற மூன்று சொற்கள். மணி ஏற ஏற, அதே முடிவுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் ஏறுகிறது.

கடை வாசலில் நின்று ஜெயிக்கப் பழகுவது நம் நோக்கம் அல்ல. விலை குறைவாக இருக்கும் நேரத்தைக் கண்டுபிடித்து அங்கே முடிவெடுக்கப் பழகுவதே நோக்கம். கீழே வரும் பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இதற்கே திரும்பும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுதித்தான். ஒரு 40 பக்க நோட்டு போதும். குடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் எழுத வேண்டும். வரியில் இருக்க வேண்டியவை: மணி, இடம், கூட யார், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, உடம்பில் என்ன தெரிந்தது (தொண்டை வறட்சி, நெஞ்சுப் படபடப்பு, எச்சில் ஊறல்), மனதில் ஓடிய வாக்கியம், ஆசையின் அளவு 0 முதல் 10க்குள், அப்போது என்ன செய்தீர்கள், அரை மணி கழித்து அளவு எவ்வளவு.

இதில் மிக முக்கியமானது மனதில் ஓடிய வாக்கியம். அதை ஓடியபடியே எழுதுங்கள். 'மன உளைச்சல்' என்று எழுதினால் அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. 'இவ்வளவு உழைச்சும் வீட்ல ஒரு மரியாதை இல்ல, அப்புறம் யாருக்காக இருக்கணும்' என்று எழுதினால் அந்த வாக்கியம் வாரத்தில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண முடியும். இரண்டு வாரம் எழுதியபின் பெரும்பாலோரிடம் நாலைந்து வாக்கியங்களே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். 'இன்னைக்கு ஒரு நாள்தானே', 'நாளைக்கு லீவுதானே', 'நான் கன்ட்ரோல்ல இருக்கேன்' ஆகிய மூன்றும் அநேகமாக எல்லா நோட்டிலும் உண்டு.

எழுதுவது எங்கே கெடுகிறது? இரவு படுக்கும்போது மொத்தமாக எழுதுகிறார்கள். அதற்குள் மனம் கதையைத் திருத்தி வைத்திருக்கும். ஆசை வராத நாளில் எழுதுவதில்லை. உண்மையில் ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டிய நாளே அதுதான், 'ஆசை இல்லை, மதியம் நன்றாகச் சாப்பிட்டேன், மாலை அண்ணன் வீட்டில்' என்று ஒரு வரி போடுங்கள். மூன்றாவது, நோட்டை வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். அதன்பின் அந்த நோட்டில் உண்மை வராது. வீட்டார் அதைத் தொடக்கூடாது என்று முதலிலேயே பேசி வையுங்கள். எழுதப் படிக்கச் சிரமம் என்றால் செல்போனில் 30 வினாடி பேசிப் பதிவு செய்தாலும் சரிதான்.

காரணமே இல்லாமல் ஆசை வருகிறதே?

காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கும். பசி, களைப்பு, தூக்கமின்மை, கோபம், தனிமை ஆகிய ஐந்தையும் முதலில் பாருங்கள். பசிக்கும் குடி ஆசைக்கும் வயிற்றில் ஏறத்தாழ ஒரே உணர்வு. பல வருடம் மாலைப் பசியைச் சரக்கால் அடக்கியவருக்கு இரண்டையும் பிரித்தறியவே சில வாரம் ஆகும். மாலை 5.30லிருந்து 6க்குள் கொஞ்சம் கனமாக, இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிடுவது நாங்கள் சொல்லும் ஆலோசனைகளிலேயே மிகச் சாதாரணமானது. மிக அதிகம் பலன் தருவதும் அதுதான்.

தூக்கம் சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில மாதங்களுக்குக்கூட, சரியாக வராது. நரம்பு மண்டலம் சமநிலைக்குத் திரும்ப எடுக்கும் காலம் அது. மெடிக்கலில் சொந்தமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அல்பிரசோலம், நைட்ரசிபாம் போன்றவை ஆல்கஹால் வேலை செய்யும் இடத்திலேயே மூளையில் வேலை செய்பவை. ஒரு அடிமைத்தனத்தை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்ள அதுவே குறுக்குவழி.

ஆசை வந்துவிட்டது. இந்த நிமிடம் என்ன செய்வது?

முதலில் ஒன்றை நம்புங்கள்: அது ஏறிக்கொண்டே போகாது. கடலலை எழுந்து உச்சிக்கு வந்து உடைவதைப் போல, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது இறங்கத் தொடங்கும். குடியிலிருந்து மீள்வதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஆசையை எதிர்த்து மல்லுக்கட்டாமல் அதன்மேல் சவாரி செய்யச் சொன்னது இதனால்தான்.

இடத்தை மாற்றுங்கள்; உட்கார்ந்திருந்தால் எழுந்து வெளியே வாருங்கள், பஸ்ஸில் இருந்தால் கடை இருக்கும் நிறுத்தத்தில் இறங்காதீர்கள். இரண்டு டம்ளர் தண்ணீர், முடிந்தால் மோர் அல்லது எலுமிச்சை ஜூஸ். பிறகு ஆசை உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். தொண்டையிலா, நெஞ்சிலா, விரல்களிலா? அந்த இடத்தையே கவனித்தபடி மெதுவாக மூச்சு விடுங்கள். அளவு போடுங்கள்: இப்போது 8. பத்து நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். 8 என்பது 6 ஆவதை நீங்களே ஒரு தடவை பார்த்துவிட்டால் அது எவர் சொல்லும் அறிவுரையையும்விட உள்ளே இறங்கும்.

இதற்கிடையில் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். யார் அந்த ஒருவர் என்பதை நிதானமான நேரத்திலேயே முடிவுசெய்து, அவரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் அடுத்த எண். மூன்று எண்களைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்கள் உண்டு. போனில் சார்ஜ் இல்லாத நாளில் அருமை தெரியும்.

மாலை போட்டால் மண்டலம் முழுக்க ஒரு சொட்டுத் தொடுவதில்லை. மலையிலிருந்து இறங்கியதும் தொடங்கிவிடுகிறேன். ஏன்?

இந்தக் கேள்வியை வீட்டில் உள்ளவர்கள் குற்றச்சாட்டாகக் கேட்பார்கள்: 'சாமிக்கு மாலை போட்டா இருக்க முடியுது, எங்களுக்காக இருக்க முடியாதா?' அப்படிக் கேட்பதை விட்டுவிட்டு, அந்த 41 அல்லது 48 நாளில் என்னவெல்லாம் மாறியது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டால் அதற்குள் ஒரு முழுச் சிகிச்சைத் திட்டமே இருப்பது தெரியும்.

விடியற்காலையில் எழுந்து குளியல். கருப்போ காவியோ வேட்டி. அதைப் பார்த்ததும் எவரும் 'வா, ஒரு ரவுண்டு' என்று கூப்பிடுவதில்லை. மறுக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஊரே 'சாமி' என்று அழைக்கிறது, மரியாதையாக. மாலை 6 மணிக்குப் பாருக்குப் பதில் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது, பஜனையும் கூட்டாளிகளும் உண்டு. குருசாமி என்று கேட்டுச் சொல்ல ஒருவர் இருக்கிறார். சாப்பாட்டுக்கு நேரமும் ஒழுங்கும் உண்டு. ஒவ்வொன்றும் ஆசை பிறக்கும் நேரத்துக்கு வெகு முன்பே எடுத்து முடிக்கப்பட்ட முடிவு.

அப்புறம் ஏன் முறிகிறது? முடியும் தேதி முன்பே தெரிந்திருந்ததால். பலர் விரதத்தின் கடைசி வாரத்திலேயே இறங்கிய அன்றைய குவார்ட்டரை மனதில் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். மாலையைக் கழற்றும்போது நேர ஒழுங்கு, கூட்டாளிகள், அழைக்கும் பெயர், குருசாமி எல்லாம் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன.

ஆகவே கழற்றும் நாளுக்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் மாற்று வையுங்கள். விடியற்காலைக் குளியல் தொடரலாம். மாலை 6 மணிக்கு வாரத்தில் மூன்று நாளாவது ஒரு கூட்டம், கோயில், வாலிபால் என்று ஏதோ ஒன்று. குருசாமி இடத்தில் ஆலோசகரோ குடியை விட்டுச் சில ஆண்டுகள் ஆன ஒருவரோ. உங்களால் முடியாது என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. எந்த ஏற்பாட்டில் முடிகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

கோயிலில் கயிறு கட்டியாயிற்று, பிள்ளை தலையில் சத்தியமும் செய்தாயிற்று. அது போதாதா?

கயிறு சிலருக்கு உண்மையிலேயே உதவுகிறது. கூப்பிடுபவரிடம் கையைக் காட்டினால் பேச்சு அங்கேயே முடிகிறது. நம்பிக்கை இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மேலே சொன்ன ஏற்பாடுகளோடு சேர்த்து.

பிள்ளை தலையில் சத்தியம் வேண்டவே வேண்டாம். ஒருநாள் சறுக்கினால், குடித்த குற்றவுணர்ச்சியோடு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் சேர்கிறது. அந்தப் பயத்தை மறக்க மறுபடியும் குடிக்கிறார்கள். பிள்ளையும் தன் தலைமேல் ஒரு பாரத்தைச் சுமக்கிறது.

மூன்று மாதம் இருந்துவிட்டு நேற்று ஒரு கட்டிங் குடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. இப்போதைய ஆபத்து நேற்றைய கட்டிங்கைவிட, 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்ற இந்த வாக்கியம். மார்லட் இதைத் தனியாகவே அடையாளம் காட்டினார்: விரதம் முறிந்தது என்ற உணர்வே ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குகிறது. ஒரு கட்டிங் முழு பாட்டிலாவது அநேகமாக மறுநாள், வெட்கத்தில்.

24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியவை உண்டு. மிச்சம் இருப்பதைக் கொட்டுங்கள். தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள், மறைத்தால் அடுத்தது எளிதாகிவிடும். டைசல்பிராம் (குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) மாத்திரை எடுப்பவராயிருந்து குடித்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடம்பு சரியானதும் நோட்டை எடுத்து, முதல் மிடறிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: அதற்கு முந்தைய அரை மணி, அதற்கு முந்தைய இரண்டு மணி, காலை, முந்தின நாள். சிலருக்குச் சறுக்கல் பத்து நாள் முன்பே, கூட்டத்துக்குப் போவதை நிறுத்திய அன்றே தொடங்கியிருக்கும்.

மூன்று மாதம் கணக்கில் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் நீங்கள் கற்றதை ஒரு கட்டிங் அழிக்காது. தொடர்ந்து பல நாள் குடித்துவிட்டீர்கள் என்றால் மட்டும் முதல் கேள்விக்கான பதிலுக்குத் திரும்புங்கள். மறுபடி நிறுத்தும்போதும் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

ஏ.ஏ. கூட்டத்தில் 'மதுவின் முன் நாம் சக்தியற்றவர்கள்' என்கிறார்கள். அப்படியென்றால் என் முடிவுக்கு என்ன மதிப்பு?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்ததிலிருந்து தொடங்கியது. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது. கட்டணம் இல்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் முதல் படியில் வரும் 'சக்தியற்றவர்' என்ற சொல் பலரை உறுத்துகிறது. அது பேசுவது முதல் கிளாஸ் உள்ளே போனபின் நடப்பதைப் பற்றி என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் இரண்டாவதை நிறுத்தும் சக்தி இல்லை என்று ஒப்புக்கொள்பவர்தான் முதலாவதைத் தடுக்கும் வேலையை ஒழுங்காகச் செய்வார். 'என்னால் அளவோடு நிறுத்த முடியும்' என்று நம்புபவர் 5.45 மணிக்கு வண்டியில் ஏறிவிடுவார். இன்று கூட்டத்துக்குப் போவதா, போன் செய்வதா, எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவது என்பதெல்லாம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

பன்னிரண்டு படிகளில் நான்காவதும் பத்தாவதும் தன்னைத்தானே ஆராயச் சொல்பவை. பத்தாவது அதைத் தினசரிப் பழக்கமாக்குகிறது. நோட்டு எழுதுபவருக்கு அவை புதிதாக இருக்காது. கடவுள் பேச்சு ஒத்துவராதவர்கள் ஆலோசகரிடமோ மருத்துவமனைக் குழுவிலோ இதே வேலையைச் செய்யலாம்.

மாத்திரையை நம்பி இருப்பது சொந்த முயற்சி ஆகுமா?

ஆகும். டைசல்பிராம் எடுப்பவர் குடித்தால், ஆல்கஹால் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடம்பிலேயே தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆனபின்தான் தொடங்க வேண்டும். மாத்திரையை நிறுத்தியபின்னும் இரண்டு வாரம்வரை அதன் விளைவு இருக்கலாம். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் கூடாது. ஈரல் பரிசோதனை தேவை. இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் வேறு வகை. அவை குடித்தால் கிடைக்கும் கிறக்கத்தையோ குடிக்கும் ஆசையையோ குறைப்பவை. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டைசல்பிராமின் பலன் இந்தப் பக்கம் முழுதும் சொல்லும் விஷயத்தோடு பொருந்துகிறது. காலை 7 மணிக்கு, ஆசை இல்லாத நேரத்தில், தெளிந்த மனதோடு எடுக்கும் ஒரு முடிவு மாலை 7 மணியையும் சேர்த்து முடித்துவைக்கிறது. மனைவியோ அம்மாவோ பார்க்க விழுங்குவதாக நீங்களே ஏற்பாடு செய்துகொண்டால் இன்னும் நல்லது.

குடிப்பவருக்குத் தெரியாமல் மருந்தைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா? விளம்பரத்தில் அப்படித்தான் வருகிறது.

கூடாது. தெரியாமல் டைசல்பிராம் உள்ளே போனவர் வழக்கம்போல அரை பாட்டில் குடித்தால் உயிரே போகலாம். என்ன நடந்தது என்று டாக்டருக்கும் தெரியாது. உள்ளடக்கம் சொல்லாத பொடிகளும் சொட்டு மருந்துகளும் இன்னும் மோசம், அவற்றில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் உண்மை தெரிந்தால் அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடவே பயப்படுவார். சாப்பாடும் சண்டையும் ஒன்றாகிவிட்ட வீட்டில் மீள்வது மிகக் கடினம்.

கல்யாணம், காதுகுத்து, கேதம். எப்படி மறுப்பது?

குட்டையாக, உடனே, காரணத்தை நீட்டாமல். 'இல்ல மச்சான், விட்டுட்டேன். ஒரு சோடா சொல்லு.' அவ்வளவுதான். 'இன்னைக்கு வேணாம்' என்றால் நாளைக்கு வேண்டும் என்று பொருள். 'உடம்பு சரியில்ல' என்றால் 'ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்' என்று வரும். வயதில் பெரியவர்கள் வற்புறுத்தினால், 'மாமா, டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு, மேல குடிச்சா ஆபத்துன்னு சொல்லிட்டாரு' என்பது பல குடும்பங்களில் எடுபடும். மாத்திரை எடுப்பவர் மட்டும் அதைச் சொல்வது நல்லது; பொய் சொல்லி மாட்டினால் அடுத்த விசேஷத்தில் இரட்டை வற்புறுத்தல் வரும்.

இந்த வாக்கியங்களை வீட்டில் சத்தமாக ஒரு பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் வாய் பழகியிருந்தால்தான் நேரத்தில் வரும். கையில் எப்போதும் ஏதாவது ஒரு டம்ளர் இருக்கட்டும். திரும்பிப் போக வண்டி உங்களுடையதாக இருக்கட்டும். முதல் ஆறு மாதத்துக்கு விசேஷத்துக்குப் போனால் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். மண்டபத்தின் பின்பக்கம் கூட்டம் சேர்வது அதற்கப்புறம்தான்.

கேதம் தனி. துக்கம், இரவுக் கண்விழிப்பு, வெறும் வயிறு, பாடை கட்டுபவர்களோடு உட்காருவது என்று எல்லாம் ஒரே இடத்தில் சேரும். மிக நெருங்கியவர் என்றால் தவிர்க்க முடியாது. தனியாகப் போகாதீர்கள், விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கடை மூடும் நாட்களையும் காலண்டரில் குறித்துவையுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் டாஸ்மாக் இல்லை. ஆபத்து அதற்கு முந்தின நாள். கூட்டாளிகள் வாங்கி வைப்பார்கள், 'உனக்கும் சேத்து வாங்கிட்டேன்' என்பார்கள்.

பணத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டால் என் சுதந்திரம் போய்விடாதா?

அவர் பறித்தால் போகும். நீங்களே முடிவுசெய்து, அளவும் காலமும் பேசிக் கொடுத்தால் அது உங்கள் திட்டம். உதாரணமாக, ஆறு மாதத்துக்குக் கூலி நேராக மனைவி கணக்குக்கு. தினச் செலவுக்குப் பஸ், டீ, சாப்பாடு என்று கணக்குப் போட்டு ரொக்கம். ஆறு மாதம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து மாற்றுவது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். போனில் ஜிபே இருக்கும்வரை ரொக்கக் கட்டுப்பாடு பாதிதான் வேலை செய்யும் என்பதால் அந்தக் கணக்கில் சிறு தொகை மட்டும் இருக்கட்டும். நண்பர்களிடம் கடன் கேட்கும் வழியையும் நீங்களே அடைக்கலாம்: 'நான் கேட்டாலும் குடுக்காத' என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

வீட்டார் எவ்வளவு கண்காணிக்க வேண்டும்?

வாசலில் நிறுத்தி வாயை முகர்ந்து பார்ப்பது, பையைத் துழாவுவது, ஐந்து நிமிடம் தாமதமானால் பத்து போன் செய்வது எல்லாம் பயத்தில் செய்வது. அந்தப் பயம் நியாயமானது. பல வருடம் ஏமாந்தவர்களின் பயம். ஆனால் கண்காணிப்பு முழுக்க மற்றவர் கையில் இருந்தால் குடியை விட்டவர் தன்னைக் கவனிக்க மாட்டார், உங்களைத்தான் கவனிப்பார்: எப்போது தூங்குகிறீர்கள், எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று.

'இன்னைக்குக் குடிச்சீங்களா?' என்று கேட்பதற்குப் பதில் 'என்னங்க, சாயங்காலம் எப்படி இருந்துச்சு?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அதில் பொய் சொல்வது எளிது. இரண்டாவதற்கு அவர் யோசிக்க வேண்டும்.

உங்கள் எல்லையையும் நிதானமாக இருக்கும் காலை நேரத்தில் சொல்லுங்கள். 'குடிச்சுட்டு வந்தா அன்னைக்கு ராத்திரி நானும் பிள்ளைங்களும் அம்மா வீட்ல இருப்போம்' என்று சொன்னால் அப்படியே செய்ய வேண்டும். செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். அடி உதை இருக்கும் வீட்டில் இந்த ஆலோசனை எல்லாம் பின்னால், முதலில் பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181.

சம்மதம் இல்லாமல் போதை மீட்பு மையத்தில் சேர்த்துவிட்டால் திருந்திவிடுவாரா?

உடம்பில் இருந்து மது வெளியேறும். வெளியே வந்த முதல் சனிக்கிழமைக்கு அவரிடம் எந்தத் திட்டமும் இருக்காது, கோபம் மட்டும் இருக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது மற்றும் போதையால் வரும் மனநலக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அதன்படி இத்தகைய சிகிச்சை மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது. சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா, வீடு திரும்பியபின் தொடர் ஆலோசனை உண்டா என்று கேளுங்கள். அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடத்தை விட்டு அப்போதே வெளியே வந்துவிடுங்கள். சென்னை இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்றவை நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை அளிக்கின்றன. அப்படிப்பட்ட முறையைத் தேடுங்கள்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இனி அளவாகக் குடிக்கலாமா?

நடுக்கம், காலைக் குடி, வலிப்பு என்ற நிலைவரை போனவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். ஒரு பீர் என்று தொடங்கினால் சில வாரங்களிலேயே பழைய அளவுக்குத் திரும்புவது வழக்கம். இந்தக் கேள்வி மனதில் எழுந்த நாளையும் நோட்டில் எழுதுங்கள், அன்று கூட யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து.

நோட்டு எத்தனை நாள் எழுத வேண்டும்?

முதல் மூன்று மாதம் தினமும். அதன்பின் ஆறு மாதம்வரை வாரத்தில் இரண்டு நாளும் ஆசை 5க்கு மேல் போகும் எல்லா நாளும். பிறகு தேவைப்படும்போது. வேலை மாறும்போது, வீட்டில் மரணமோ பிரசவமோ நேரும்போது, கடன் ஏறும்போது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரத்தில் மறுபடி தினமும் எடுங்கள். பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். போன வருடம் அதே தீபாவளி வாரத்தில் எந்த மணிக்கு எந்த வாக்கியம் ஓடியது என்று அதில்தான் இருக்கும்.